ஓட்டை என்று சொல்லும் முன்: நீண்ட அறிவியல் புனைவுத் தொடர்களில் லாஜிக் பிழை பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பல சீசன் ஓடிய அறிவியல் புனைவுத் தொடரில் ஓட்டை கண்டுபிடிப்பது சுலபம். அதை விவரம் தெரிந்த ரசிகர்கள் முன்னால் வைத்து, பத்து நிமிடம் கழித்தும் நிற்க வைப்பதுதான் கஷ்டம். புதிதாக வாதத்துக்கு வருபவர்களிடம் ஆதாரம் பெரும்பாலும் இருக்கும், வரிசைதான் இருக்காது. விளக்கத்தை முதலில் தூக்கிக்கொண்டு வருவார்கள். எந்த வசனத்துக்கு இந்த விளக்கம் என்று கேட்டால் முழிப்பார்கள்.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். உதாரணங்களை ஸ்டார் ட்ரெக், டாக்டர் ஹூ, ஸ்டார் வார்ஸ் மூன்றிலிருந்தும் எடுத்திருக்கிறேன். கதை முடிச்சுகள் சில உடையும், இன்னும் பார்க்காதவர்கள் உஷார்.

1. முதலில் ஒரு தாள் தயார் செய்யுங்கள்

ஒரு தாளோ ஸ்ப்ரெட்ஷீட்டோ எடுத்து ஐந்து கட்டம் போடுங்கள்: எபிசோடின் பெயர், முதலில் வெளியான தேதி, கதைக்குள் அது நடக்கும் காலம், வார்த்தை மாறாத வசனம், அது வரும் நிமிடம்.

தேதிக்கு எதற்கு இரண்டு கட்டம் என்று தோன்றும். 'ஸ்டார் ட்ரெக்: எண்டர்பிரைஸ்' 2001 முதல் 2005 வரை ஒளிபரப்பானது. அதன் கதையோ 1966-இல் வந்த முதல் தொடரின் காலத்துக்கு ஒரு நூற்றாண்டு முந்தையது. "இது முன்னாடியே சொல்லியாச்சே" என்று ஒருவர் சொன்னால், எடுத்த வரிசையிலா நடந்த வரிசையிலா என்று கேட்க வேண்டிவரும். பாதிச் சண்டை இந்த இடத்தில்தான் வருகிறது.

வசனத்தை நினைவிலிருந்து எழுதாதீர்கள். கதைச் சுருக்கத்திலிருந்தும் எடுக்காதீர்கள். இடத்துக்காகச் சுருக்கப்பட்ட சப்டைட்டிலில் 'ஏறக்குறைய', 'நான் கேள்விப்பட்டவரை' போன்ற சொற்கள்தான் முதலில் காணாமல் போகும். உங்கள் வாதமே அந்தச் சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கலாம். ஆடியோவைக் கேட்டு எழுதுங்கள்.

டாக்டர் ஹூ ரசிகர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1960களின் எபிசோடுகளில் 90-க்கும் மேற்பட்டவற்றுக்குப் படச்சுருள் இல்லை. ரசிகர்கள் அப்போது வீட்டில் பதிவு செய்த ஒலி மட்டும் எல்லாவற்றுக்கும் இருக்கிறது. அவற்றிலிருந்து வசனத்தை மேற்கோள் காட்டலாம், "திரையில் தெரிந்தது" என்று சத்தியம் செய்ய முடியாது.

2. புகாரை மூன்று வரியில் எழுதுங்கள்

"கானுக்கு செகோவை எப்படித் தெரியும்? செம ஓட்டை!" என்பது ஆச்சரியம், அதில் வாதம் இல்லை. (கான் ஸ்டார் ட்ரெக்கின் வில்லன், செகோவ் எண்டர்பிரைஸ் என்ற கப்பலின் அதிகாரி.) இப்படி எழுதிப் பாருங்கள்:

அ. 1967 பிப்ரவரி 16-இல் ஒளிபரப்பான 'ஸ்பேஸ் சீட்' எபிசோடில் கானும் எண்டர்பிரைஸ் குழுவினரும் சந்திக்கிறார்கள். அதில் செகோவ் எங்கும் வருவதில்லை.

ஆ. 1982-இல் வந்த 'த ராத் ஆஃப் கான்' படத்தில் கான் செகோவின் முகத்தைப் பார்த்ததும் அடையாளம் கண்டு, பெயரையும் சொல்கிறான்.

இ. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது, ஏனென்றால்...

மூன்றாவது வரிக்காகத்தான் முதல் இரண்டும். 'ஏனென்றால்' என்பதற்குப் பின்னால் என்ன எழுதுகிறீர்களோ அதுதான் நீங்கள் சொல்லாமல் விட்ட அனுமானம். இங்கே அது "திரையில் தெரியாதவர் அன்று கப்பலில் இல்லை" என்பது. கப்பலில் 400-க்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள், நாம் முகம் பார்ப்பது இருபது பேரை. இந்த வரியை எழுதியதுமே புகார் பாதியாக இளைத்துவிடும். மற்றவர்கள் முன்னால் இளைப்பதைவிட தாளில் இளைப்பது நல்லது.

இந்தப் படியில் அடிக்கடி நடக்கும் தவறு, ஒரே மூச்சில் ஐந்து புகார்களைக் கொட்டுவது. எதிரில் இருப்பவர் ஐந்தில் நோஞ்சானைப் பிடித்து அடித்துவிட்டு, மொத்தமும் செத்ததாக அறிவித்துவிடுவார்.

3. எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள்?

ஸ்டார் வார்ஸ் ரசிகர்கள் இதைத் தாண்டிப் போகவே கூடாது. 'த எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' 1980-இல் வந்தபோது பேரரசர் டார்த் வேடரிடம் பேசும் காட்சி வேறு. 2004-இன் டிவிடியில் அந்தக் காட்சி புதிதாக எடுத்துச் சேர்க்கப்பட்டது. அதில் லூக் அனகினின் (வேடரின் பழைய பெயர் அது) வாரிசு என்று பேரரசர் சொல்ல, அது எப்படிச் சாத்தியம் என்று வேடர் கேட்கிறார். பழைய பதிப்பில் அந்தக் கேள்வியே கிடையாது.

லூக் தன் மகன் என்பது வேடருக்கு எப்போது தெரிந்தது என்று இரண்டு பேர் மணிக்கணக்காக மோதிக்கொள்ளலாம், இருவரும் சரியாகவே மேற்கோள் காட்டிக்கொண்டு. ஒருவர் பார்த்த படம் வேறு, மற்றவர் பார்த்த படம் வேறு. ஆகவே தாளில் எபிசோடின் பெயருக்குப் பக்கத்தில் பதிப்பின் ஆண்டையும் குறியுங்கள்.

4. எது கணக்கில் சேரும் என்று பேசி முடியுங்கள்

கேனன் பற்றிய பேச்சு, அதாவது எது அதிகாரப்பூர்வக் கதை என்ற பேச்சு, வாதத்துக்கு நடுவில் வந்தால் ஏமாற்று வேலை மாதிரித் தெரியும், முதலிலேயே வந்தால் விதிமுறை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஸ்டார் வார்ஸில் கோடு தெளிவு: 2014 ஏப்ரல் 25-இல் லூகாஸ்ஃபிலிம் அதுவரை வந்த நாவல்கள், காமிக்ஸ் பெரும்பாலானவற்றை 'லெஜண்ட்ஸ்' என்ற பெயரில் தனியே ஒதுக்கியது. ஸ்டார் ட்ரெக்கில் திரையில் வந்தது சேரும், நாவல்கள் சேராது என்பது பொதுவான பழக்கம். 1973–74-இன் அனிமேஷன் தொடர் மட்டும் உள்ளே வெளியே என்று ஆடிக்கொண்டே இருந்தது. (ஏழாவது படியில் அது திரும்ப வந்து வேலை கொடுக்கும்.) டாக்டர் ஹூவில் அதிகாரப்பூர்வக் கோடு என்று எதுவும் இல்லாததால் நீங்களே ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும்.

5. எந்த வகைப் புகார் என்று பிரியுங்கள்

ஓட்டை என்று வருபவற்றில் கணிசமானவை வேறு சாமான்கள். ஒரு பாத்திரம் முட்டாள்தனமாக முடிவெடுத்தால் அது அந்தப் பாத்திரத்தின் குறை. கதை பதில் சொல்லாமல் விட்ட கேள்வி வெறும் இடைவெளி. 1977-இல் ஹான் சோலோ தூரத்தின் அலகான பார்செக்கை வேகப் பெருமைக்குப் பயன்படுத்தியது அறிவியல் சறுக்கல். ஒரு பார்செக் என்பது சுமார் 3.26 ஒளியாண்டு. 2018-இன் 'சோலோ' படம், குறுக்கு வழியில் போய் தூரத்தைக் குறைத்ததாக அதற்கு ஒட்டுப்போட்டது. ஒரே கதைக்குள் இரண்டு கூற்றுகள் நேருக்கு நேர் மோதினால்தான் ஓட்டை என்ற பெயரைக் கொடுங்கள்.

ஒப்பனை, செட், கிராஃபிக்ஸ் மாறியதை எந்த வகையில் போடுவது? இங்கேதான் ஸ்டார் ட்ரெக்கின் வேற்றுக்கிரக இனமான கிளிங்கான்களின் நெற்றி வருகிறது. 1966–69 தொடரில் கிளிங்கான்களின் நெற்றி மனிதர்களுடையதைப் போல மழமழவென்றிருக்கும். 1979-இன் படத்திலிருந்து புடைத்த எலும்பு வரிகள். பட்ஜெட் கூடியது, ஒப்பனை மாறியது, கிளிங்கான்கள் எப்போதுமே இப்படித்தான் இருந்தார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று பல ரசிகர்கள் விட்டுவிட்டார்கள். நியாயமான நிலைப்பாடு.

1996-இல் 'டீப் ஸ்பேஸ் நைன்' என்ற ஸ்டார் ட்ரெக் தொடர் அதைக் கெடுத்தது. பாத்திரங்கள் காலத்தில் பின்னோக்கிப் போய் பழைய கிளிங்கான்களை நேரில் பார்க்கிறார்கள். குழப்பத்தோடு தங்கள் குழுவிலுள்ள கிளிங்கானான வோர்ஃபைத் திரும்பிப் பார்க்க, வெளியாரிடம் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்கிறான் அவன். நல்ல நகைச்சுவை. ஆனால் அந்த ஒரு வரியால் ஒப்பனை வித்தியாசம் கதைக்குள் நடந்த உண்மையாகிவிட்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்து 2005-இல் 'எண்டர்பிரைஸ்' இரண்டு எபிசோடுகள் செலவழித்து, மரபணுப் பரிசோதனையும் வைரஸும் என்று விளக்கம் கட்டியது.

ஆகவே காட்சி மாற்றங்களுக்கு ஒரே சோதனை: கதைக்குள் இருக்கும் யாராவது அந்த மாற்றத்தைக் கவனிக்கிறார்களா? கவனிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். கவனித்தால் தாளில் ஏற்றுங்கள்.

6. சொன்னது யார் என்று பாருங்கள்

கேமரா காட்டியதும் ஒரு பாத்திரம் சொன்னதும் ஒரே எடை இல்லை. பாத்திரங்கள் பொய் சொல்வார்கள், தப்பாக நினைவு வைத்திருப்பார்கள், பெருமையடிப்பார்கள்.

1983-இல் 'ரிட்டர்ன் ஆஃப் த ஜெடை' படத்தில் லேயா தன் உண்மையான தாயைக் கொஞ்சம் நினைவிருப்பதாகவும், தான் மிகச் சிறியவளாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டதாகவும் லூக்கிடம் சொல்கிறாள். 2005-இல் 'ரிவெஞ்ச் ஆஃப் த சித்' காட்டியது பிரசவத்திலேயே இறக்கும் பத்மேயை, அதாவது லேயாவின் தாயை. காட்டியது நடந்தது, சொன்னது ஒருத்தியின் நினைவு. காட்டியதற்கே முதல் மரியாதை.

லேயாவின் நினைவு தவறு என்றோ, ஃபோர்ஸ் என்ற மாய சக்தி வழியாக உணர்ந்தாள் என்றோ வாதிக்கலாம். இரண்டாவதைச் சொன்னால் உடனே வரும் கேள்வி: அதே நேரத்தில் பிறந்த லூக்குக்கு ஏன் எதுவும் நினைவில்லை? அதற்குப் பதில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

7. விளக்கத்தோடு அதன் விலையையும் சொல்லுங்கள்

இதுதான் மொத்த வேலையின் மையம். புதியவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுவே.

முதலில், உள்காரணத்தையும் வெளிக்காரணத்தையும் பிரியுங்கள். "செகோவ் பாத்திரமே இரண்டாம் சீசனில்தான் வந்தது, திரைக்கதை எழுதியவர்கள் கவனிக்கவில்லை" என்பது வெளிக்காரணம். உண்மையும்கூட: செகோவ் முதன்முதலில் திரையில் தெரிந்தது 1967 செப்டம்பரில். ஆனால் அது "ஏன் இப்படி எழுதினார்கள்" என்பதற்கான பதில். "கதைக்குள் இது எப்படி நடந்திருக்கும்" என்று கேட்டவருக்கு அதைக் கொடுத்தால், கேட்ட கேள்வியைத் தட்டிவிட்டதாகத்தான் அர்த்தம். இரண்டு கேள்வியுமே நல்ல கேள்விகள். எதற்குப் பதில் சொல்கிறீர்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

உள்காரணங்களை இனி ஒவ்வொன்றாக விலை பார்ப்போம்.

முதல் விளக்கம்: செகோவ் அன்று கப்பலின் வேறு தளத்தில் வேலையில் இருந்தார், திரையில் தெரியாதபோது கானைச் சந்தித்தார். விலை குறைவு. எந்த வசனத்தையும் மறுக்கத் தேவையில்லை. கான் கப்பலையே கைப்பற்றுகிறான், பலரையும் எதிர்கொண்டிருப்பான். ஆனால் இதே விளக்கம் கான் செகோவின் பெயரையும் நினைவில் வைத்திருந்ததைச் சுமக்க வேண்டும். சும்மா நடைபாதையில் கடந்துபோனது போதாது, மறக்காத அளவுக்கு ஏதோ நடந்திருக்க வேண்டும். (செகோவாக நடித்த வால்டர் கோனிக் ரசிகர் கூட்டங்களில் இதற்குச் சொல்லும் பதில் கழிவறை சம்பந்தப்பட்டது: கானை வெளியே காக்க வைத்தவர் செகோவாம். சிரிப்பு ஒரு பக்கம், பெயர் நினைவிருந்ததை அது நன்றாகவே விளக்குகிறது.)

இரண்டாவது விளக்கம் புத்திசாலித்தனமானது. 'ஸ்பேஸ் சீட்' எபிசோடின் நட்சத்திரத் தேதி (கதைக்குள் காலத்தைக் குறிக்கும் எண்) 3141.9. செகோவ் வரும் 'கேட்ஸ்பா' எபிசோடின் தேதி 3018.2. ஒளிபரப்பில் பின்னால் வந்தாலும் கதைக் காலத்தில் 'கேட்ஸ்பா' முந்தியது, ஆகவே கான் வந்தபோது செகோவ் கப்பலில்தான் இருந்தார். எண்ணோடு வரும் வாதம், கேட்பவர் வாயை மூடிவிடும்.

அதன் விலையைப் பாருங்கள். நட்சத்திரத் தேதி ஏறுவரிசையில்தான் போகும் என்று இங்கே ஏற்றால் எல்லா எபிசோடுக்கும் ஏற்க வேண்டும். 1973-இல் வந்த அனிமேஷன் எபிசோடு 'த மேஜிக்ஸ் ஆஃப் மெகாஸ்-டூ'வின் தேதி 1254.4. அதில் மெக்காய்தான் கப்பலின் மருத்துவர். 'வேர் நோ மேன் ஹாஸ் கான் பிஃபோர்' எபிசோடின் தேதி 1312.4, அதில் மருத்துவர் பைப்பர். வரிசையை நம்பினால் மெக்காய் முதலில் இருந்து, இடையில் விலகி, பைப்பர் வந்து, மறுபடி மெக்காய் திரும்பினார் என்றாகும். அனிமேஷன் தொடரைக் கணக்கில் சேர்க்கவில்லை என்றால் இந்த விலை மறைந்துவிடும். நான்காவது படியை ஏன் முன்னாலேயே முடிக்கச் சொன்னேன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

என் கணிப்பில் முதல் விளக்கமே மேல். இரண்டாவது கண்ணுக்குப் பளிச்சென்றிருக்கிறது, ஆனால் ஒரு ஓட்டையை அடைக்க தொடர் முழுவதின் காலவரிசையையும் அடகு வைக்கிறது. விளக்கங்களை ஒப்பிடும்போது எது அழகு என்று பார்க்காதீர்கள். எத்தனை வசனங்களை மறுக்க வேண்டியிருக்கிறது, திரையில் இல்லாத எத்தனை சம்பவங்களைக் கற்பனை செய்ய வேண்டியிருக்கிறது, இந்த இரண்டையும் எண்ணுங்கள்.

8. எண்ணிக்கைப் புகார் என்றால் விதியை முதலில் எழுதுங்கள்

1995-இல் 'ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்' தொடரின் 'த கிளவுட்' எபிசோடில் ஒரு கணக்கு வருகிறது: கப்பலில் 38 ஃபோட்டான் டார்பிடோக்கள், தீர்ந்தால் மாற்று இல்லை. தொடர் 2001 வரை ஓடியது, டார்பிடோக்களும் ஓடிக்கொண்டே இருந்தன. 38-ஐத் தாண்டிவிட்டது என்று எண்ணிக் காட்டியவர்கள் உண்டு. இந்தக் கணக்கில் இறங்குவதாக இருந்தால், எண்ணத் தொடங்கும் முன் இவற்றை முடிவு செய்யுங்கள்.

"சுடு" என்ற கட்டளை மட்டும் கேட்டு, திரையில் எதுவும் போகவில்லை என்றால் எண்ணுவீர்களா? ஒரே கட்டளையில் மூன்று பாய்ந்தால் அது மூன்றா? 1997-இன் 'இயர் ஆஃப் ஹெல்' இரண்டு பாகத்திலும் நடந்தவை இறுதியில் காலவரிசையிலிருந்தே அழிகின்றன. அங்கே சுட்டவற்றைக் கழிக்கக் கூடாது, ஏனென்றால் அவை சுடப்படவே இல்லை. இதை மறந்து எண்ணியவர்களின் கணக்கை ஒரே கேள்வியில் சாய்த்துவிடலாம்.

விதியைப் பின்னால் எழுதினால், பிடித்த விடை வரும் வரை விதி வளையும். அதனால்தான் முன்னாலேயே.

கணக்கு 38-ஐத் தாண்டியது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது முரண் ஆகாது என்பேன். மாற்று இல்லை என்றது பயணத்தின் தொடக்கத்தில், அன்றைய நிலையைப் பற்றி. 1998-இல் அதே குழு டெல்டா ஃப்ளையர் என்ற விண்கலத்தையே உட்கார்ந்து கட்டிவிடுகிறது. டார்பிடோ செய்ய வழி கிடைத்திருக்கலாம். அதை ஒரு வரியில்கூடச் சொல்லாததுதான் குறை. பற்றாக்குறை என்று சொல்லி நம்மைப் பதறவைத்துவிட்டு அதைத் தொடரே மறந்துவிட்டது என்ற புகாரை வையுங்கள். ஓட்டை என்பதைவிட அது உறைக்கும்.

9. அடைக்க முடியாததை அடையாளம் காணுங்கள்

டாக்டர் ஹூவில் வேற்றுக்கிரக ஆபத்துகளைச் சமாளிக்கும் ராணுவப் படையான யூனிட் வரும் கதைகள் எந்த ஆண்டில் நடக்கின்றன? தாளில் இப்படி வரும்:

'த அபாமினபிள் ஸ்னோமென்' (1967): கதை நடப்பது 1935-இல்.
'த வெப் ஆஃப் ஃபியர்' (1968): அது நடந்து நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது.
'த இன்வேஷன்' (1968): அதற்கும் பிறகு நான்கு ஆண்டு. ஆக, 1979 வாக்கில்.
'பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்' (1975): தான் 1980-இலிருந்து வந்ததாக, நாயகன் டாக்டரோடு பயணிக்கும் சாரா சொல்கிறாள்.
'மாட்ரின் அன்டெட்' (1983): யூனிட்டின் தலைவரான பிரிகேடியர் 1976-இலேயே படையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார்.

முதல் முயற்சியாக எல்லாரும் சாராவின் வரியைத் தூக்கி எறிவார்கள். பயன் இல்லை, மேலே உள்ள மூன்றும் அவளில்லாமலே 1979-க்குக் கொண்டுபோகின்றன. அடுத்து, தனியாக நிற்கும் 1983-இன் கதையைத் தூக்கலாம் என்று தோன்றும். தலை எண்ணினால் சரி. ஆனால் அந்தக் கதையின் பாதி நடப்பது 1977-இல், எலிசபெத் மகாராணியின் வெள்ளிவிழா ஆண்டில், அந்த விழாவைக் காட்டியே. அந்த ஆண்டை உருவினால் கதையே கழன்றுவிடும். போகிறபோக்கில் சொன்ன வரியும் கதையைத் தாங்கும் தூணும் ஒன்றாகாது.

எதைக் கழித்தாலும் ஒரு தூண் போகிறது என்றால் அது நிஜமான ஓட்டை. அப்படியே பதிவு செய்துவிட்டு நகருங்கள். 2008-இல் டாக்டரே யூனிட்டில் வேலை பார்த்தது எழுபதுகளிலா எண்பதுகளிலா என்று சந்தேகப்படுகிறார். தொடரே கையைத் தூக்கிய பிறகு, அதற்குத் தீர்வு கண்டுவிட்டதாக வருபவரிடம் ஆறாவது, ஏழாவது படிகளைக் கேளுங்கள்; பெரும்பாலும் அங்கே முடிந்துவிடும்.

10. முன்வைக்கும் வரிசை

மூன்று வரிப் புகார், பதிப்பு, கேனன் எல்லை, வகை. பிறகு, உங்களுக்கு எதிரான விளக்கங்களில் வலுவானதை நீங்களே சொல்லி அதன் விலையைக் காட்டுங்கள். கடைசியில்தான் உங்கள் விளக்கம். எதிர்த்தரப்பின் சிறந்த விளக்கத்தை நீங்களே எடுத்துவிட்டால், வருபவர் புதிதாக ஏதாவது கொண்டுவந்தாக வேண்டும். அது உங்களுக்கும் லாபம்.

"சும்மா கதைதானே" என்று ஒருவர் நுழைவார். பதில் சொல்ல வேண்டாம்.

11. தாளைப் புதுப்பியுங்கள், அழிக்காதீர்கள்

ஓடிக்கொண்டிருக்கும் தொடரில் பழைய ஓட்டையை அடுத்த சீசன் அடைக்கலாம், அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒன்று திறக்கலாம். ஆகவே தாளில் ஆறாவது கட்டம் ஒன்று சேருங்கள்: நிலை.

கானையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஸ்பேஸ் சீட்' சொன்னபடி அவன் 1992 முதல் 1996 வரை பூமியின் கால்பகுதிக்கு மேல் ஆண்டவன். அந்த ஆண்டுகள் நம் கண்ணெதிரே ஒன்றும் நடக்காமல் கடந்துபோயின. 2023-இல் 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' தொடரில், காலப் பயணிகளின் குறுக்கீட்டால் நிகழ்வுகள் தள்ளிப்போனதாகச் சொல்லி, 21-ஆம் நூற்றாண்டில் கானைச் சிறுவனாகக் காட்டினார்கள். பழைய கேள்விக்கு 'அடைபட்டது, 2023' என்று எழுதலாம். அதற்குக் கீழே புது வரி ஒன்று போடுங்கள்: அப்படியானால் 'ஸ்பேஸ் சீட்' எபிசோடில் ஸ்போக் சொல்லும் 1990கள் எந்தக் காலவரிசையைச் சேர்ந்தவை? நிலை: திறந்திருக்கிறது.